எயுத்து ஓ, நம்பர் முட்டை

ஒரே ஒரு புள்ளி அடித்துவிட்டு மெஷின் நின்றுவிட்டது.

டக்கென்று ஒரு சத்தம். காகிதச் சுருளின் இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அப்புறம் ஒன்றுமே இல்லை, உள்ளே மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நானும் மெஹருன்னிசாவும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அறையில் அப்படி ஒரு குளிர். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டும் எனக்குப் பல் தந்தியடித்தது.

"இன்னா ஸ்டெல்லா, நின்னு பூட்ச்சி?" என்று மெஹர் என் காதில் கேட்டாள்.

"நிக்கலைம்மா. நீங்க சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் வாசுதேவன் சார். எங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பழக்கிக் கொடுக்க வந்திருந்த இளம் எஞ்சினியர். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது.

காத்துக்கொண்டிருக்கிறதாம்! எங்களுக்காக அதுவரை ஆலையில் ஒரு நாயும் காத்திருந்ததில்லை. டைப்பிஸ்ட் என்றால் யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் அப்படியே அடிக்கிறவள். "இத்த அடிம்மா", "கார்பன் வெச்சு அடிம்மா", "இன்னுமா முடிக்கல?" இதுதான் எங்கள் காதில் விழுந்த தமிழ். இங்கே தலைகீழ். நாம் சொல்ல வேண்டும், அது செய்யும்.

"இன்னா சார் சொல்றது அதாண்ட? சலாம் சொல்லட்டா?" என்றாள் மெஹர். சொல்லிவிட்டு, சார் தடுப்பதற்குள் அடித்தும்விட்டாள். மெஷின் அசையவில்லை.

"ரிட்டர்ன் தட்டுங்க. அதைத் தட்டாத வரைக்கும் நீங்க சொன்னது அதுக்குக் காதுல விழாது."

தட்டினாள். கடகடவென்று அச்சடிக்கிற தலை ஓடி, அவள் அடித்த சலாமைத் திருப்பி அடித்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கேள்விக்குறி போட்டு, மறுபடியும் புள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"பார்றீ இத்த! நம்ப சலாமையே கேள்வி கேக்குது பேமானி!"

நான் சிரித்தேன். வாசுதேவன் சார்கூடச் சிரித்தார். அந்த அறையில் நாங்கள் மனசு விட்டுச் சிரித்தது அந்த வாரம் மட்டும்தான்.

குளிரும் கரியும்

எழுபதுகள் முடியப் போகிற சமயம். எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு ஆலை. பெயர் வேண்டாம். ராயபுரத்திலிருந்து நானும், வண்ணாரப்பேட்டையிலிருந்து மெஹரும் ஒரே பஸ்ஸில் போவோம். முதலில் ஏறுகிறவள் பக்கத்து இடத்தில் பையை வைத்து இடம் பிடிப்பாள். திருவொற்றியூர் தாண்டினால் ஜன்னலை மூடிவிட வேண்டும். மூடினாலும் தொண்டையில் ஒரு கசப்பு வந்து உட்காரும். சாயங்காலம் முகம் துடைத்தால் கைக்குட்டையில் கரி. மீன் வாங்கினால் நெட்டுக்குப்பத்துக்காரம்மா கூடையை மூடிய துணியை உதறிவிட்டுத்தான் காட்டுவாள், அந்தத் துணியிலும் கரி.

பாய்லர் பக்கம் வேலை செய்கிறவர்கள் சூட்டில் மயங்கி விழுவது எங்களுக்குப் பழகிப்போன செய்தி. தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடி உள்ளே அனுப்புவார்கள். அதே காம்பவுண்டில், இந்த மெஷினுக்கு வியர்க்கக் கூடாதென்று ஒரு அறை கட்டி, ஏசி போட்டு, செருப்பை வெளியே கழற்றச் சொன்னார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அந்த அறைக்குள் போய் வருகிற எங்களைப் பார்த்தும் பல பேருக்கு எரிந்தது.

கேட் வாசலில் தினமும் யூனியன்காரர்கள் கூட்டம் போட்டுக் கத்துவார்கள். "வேலையைத் தின்னும் எந்திரமே, வெளியே போ!" நாங்கள் உள்ளே நுழையும்போது குரல் இன்னும் உயரும். ஒரு நாள் கேன்டீனில் டீ ஊற்றுகிறவர், நன்றாகப் பழகியவர், மெஹர் நீட்டிய டம்ளரை வாங்காமல், "கருங்காலிங்களுக்கு டீ கெடையாது" என்றார்.

மெஹர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அண்ணே, நா கருங்காலிதான். உன் வூட்டுக்காரி கால் வெளங்காம படுத்துகினு இருந்தா நீயும் கருங்காலிதான்" என்றாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். டீ மட்டும் தரவே இல்லை.

ஒருத்தர் போதும்

அவள் சொன்னது புருஷனைப் பற்றி. காதர் பாய் ஹார்பரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் சங்கிலி அறுந்து மேலே விழுந்தது. உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரே அறை வீடு. கட்டிலில் அவர், கீழே இரண்டு பெண் குழந்தைகள். மெஹர் காலையில் அவரைக் குளிப்பாட்டி, நாஷ்டா கொடுத்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடி வருவாள். அவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு நின்றது என்று அர்த்தம்.

எனக்கும் வேலை முக்கியம்தான். ஆனால் எனக்கு அண்ணன் இருந்தான், ரயில்வேயில். எங்கள் வீட்டில் குழம்பில் மீன் குறையும். அவ்வளவுதான்.

மெஷின் வந்ததும் டைப்பிங் பிரிவையே கலைப்பது என்று முடிவாகிவிட்டது. எல்லோருக்கும் கணக்குத் தீர்த்து அனுப்புவார்கள். கம்ப்யூட்டருக்கு உத்தரவு அடிக்க மட்டும் ஆள் வேண்டும். இருக்கிறவர்களில் கை வேகமான இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்து, பரீட்சை வைத்து, ஒருத்தரை வைத்துக்கொள்வார்களாம். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஏதோ சேலை பரிசு தருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

வெளியே வந்ததும் மெஹர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பதினெட்டு வயதில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள்.

"உனுக்குக் கெட்ச்சாலும் சந்தோசம்தான்டி" என்றாள்.

"பொய் சொல்லாத."

"ஆமா, பொய்தான்" என்றாள்.

இன்னா கீது?

உத்தரவுகள் எல்லாம் இங்கிலீஷ். ஒன்றும் பெரிய வித்தையில்லை, பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள். ஆனால் ஒரு எழுத்துத் தப்பினாலும் கேள்விக்குறி. வார்த்தைக்கும் பெயருக்கும் நடுவில் இடம் விடாவிட்டாலும் கேள்விக்குறி. காலி இடமும் ஒரு எழுத்துத்தான் என்று வாசுதேவன் சார் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவர் கொடுக்கிற விளக்கமும் இங்கிலீஷ். மண்டையில் நின்றால்தானே?

மெஹர்தான் வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு உத்தரவையும் வண்ணாரப்பேட்டைத் தமிழுக்கு மாற்றிவிட்டாள்.

டைரக்டரி என்றால், "உள்ள இன்னா கீது?" காப்பி என்றால், "இத்த மாதிரி அங்க ஒண்ணு வை." ரீநேம் என்றால், "பேரை மாத்து." டைப் என்றால், "இன்னா எய்திகீது, காட்டு." டெலீட் என்றால், "தூக்கு!"

"தூக்குன்னு சொன்னா, 'நெஜமாவா?'ன்னு கேக்காதா சார்?" என்று நான் கேட்டேன்.

"கேட்காது. நீங்க சொன்னா சொன்னதுதான்."

"அல்லா! எங்க மேனேஜர் மாதிரி" என்றாள் மெஹர்.

இன்னொன்றும் எனக்கு விசித்திரமாக இருந்தது. தப்பு நடந்தால்தான் அது வாய் திறக்கும். சொன்ன வேலை ஒழுங்காக முடிந்தால் சத்தமே இல்லை, புள்ளி மட்டும் வரும். நல்லது செய்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிற ஒரு ஆளையும் நான் அந்த ஆலையில் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும், "நடந்துச்சா, நடக்கலையா?" என்று "இன்னா கீது?" போட்டுப் பார்த்துக்கொள்வோம்.

மெஹர் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் யோசித்து அடிப்பேன். அவளுக்கு விரலே யோசிக்கும்.

அந்த விரல்தான் வினை.

இல்லாத இரண்டு எண்கள்

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் டைப்பிங் கற்ற காலத்து மெஷின்களில் எண்கள் இரண்டில் ஆரம்பித்து ஒன்பதில் முடியும். ஒன்றும் கிடையாது, பூஜ்யமும் கிடையாது. ஒன்றுக்குச் சின்ன எல் அடிப்போம். பூஜ்யத்துக்குப் பெரிய ஓ. காகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. யாரும் கேட்டதும் கிடையாது.

ராயபுரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த இன்ஸ்டிடியூட்டில், விரல்களின் மேல் துணி போட்டு மூடி, மாஸ்டர் பின்னால் ஸ்கேலோடு நிற்பார். குனிந்து பார்த்தால் ஒரு போடு. அப்படி ஏறிய பழக்கம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளுக்கும் தூக்கத்தில் கேட்டால், "பத்துன்னா எல், ஓ" என்றுதான் விரல் போகும்.

இந்த மெஷினில் ஒன்றும் உண்டு, பூஜ்யமும் உண்டு. ஓ எழுத்து வேறு, பூஜ்யம் வேறு. மனுஷக் கண்ணுக்கு இரண்டும் வட்டம். அதற்கு இரண்டும் வேறு வேறு சாமி. எல் விஷயம் சீக்கிரம் சரியாகிவிட்டது. பெரிய எழுத்து மட்டும்தான் அதில் வரும் என்பதால் எல் அடித்தால் பளிச்சென்று எல்லாகவே தெரியும். இந்த ஓ இருக்கிறதே, அது தெரியவே தெரியாது. முதல் இரண்டு வாரம் நாங்கள் இருவரும் எத்தனை கேள்விக்குறி வாங்கினோம் என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

"எயுத்து ஓ, நம்பர் முட்டை" என்று மெஹர் மந்திரம் மாதிரி முணுமுணுக்க ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் பூஜ்யத்துக்கு முட்டை என்றுதான் பெயர், பரீட்சையில் வாங்கினாலும் சரி. எழுத்து ஓவுக்கு மோதிர விரல் போக வேண்டும். முட்டைக்குச் சுண்டு விரல் மேலே ஏற வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மடியிலிருக்கும் சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் தட்டிக்கொண்டே வருவாள். சுண்டு விரல் ஏறி இறங்கும், ஏறி இறங்கும். கண்டக்டர், "இன்னாக்கா, கச்சேரியா?" என்பான்.

நிதானமாக அடித்தால் சரியாக வந்தது. வேகம் பிடித்தால் பழைய விரல் வந்துவிடும்.

பரீட்சை

தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெரிய ஆபீசர் வந்தார். அந்தக் குளிருக்கு அவர் கோட்டுப் போட்டிருந்தார், அவருக்கு அது சரிதான். எங்கள் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மெஹர் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்பதால் அவள் முதலில்.

வேலை இதுதான். ஸ்டோர்ஸ் கணக்கு, பின் ஒன்பது என்ற பெயரில் மெஷினுக்குள் இருந்தது; பின் என்றால் ஸ்டோர்ஸில் சரக்குப் போடுகிற தொட்டி. அதை அப்படியே நகல் எடுத்து பின் பத்து என்று பெயர் வைக்க வேண்டும். பழைய ஒன்பதைத் தூக்கிவிட வேண்டும். பத்தைக் காகிதத்தில் அடித்துக் காட்ட வேண்டும்.

மெஹர் "பிஸ்மில்லா" சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். என்ன வேகம்! ஆபீசரே ஒரு அடி முன்னால் வந்தார். நகல் எடுக்கச் சொல்லி அடித்தாள். பி, ஐ, என், ஒன்று... கடைசி எழுத்துக்கு அவள் மோதிர விரல் போனதை நான் பார்த்தேன். டைப்பிஸ்டுக்கு இன்னொரு டைப்பிஸ்டின் கைதான் கண்ணில் படும். சுண்டு விரல் ஏறவில்லை. ஓ அடித்துவிட்டாள்.

புள்ளி வந்தது. மெஷினுக்கு என்ன, சொன்ன பெயரை வைத்துக்கொண்டது.

பரீட்சையில் யாரும் பேசக் கூடாது என்று மேனேஜர் முதலிலேயே சொல்லியிருந்தார். பரவாயில்லை, அடுத்த தடவையும் ஓ அடித்தால் ஃபைல் வந்துவிடும் என்று நினைத்தேன். அவள் அடுத்ததாக ஒன்பதைத் தூக்கினாள். புள்ளி. பிறகு பத்தைக் காட்டச் சொல்லி அடிக்கப் போனவள், கையைத் தூக்கி நிறுத்தினாள். உதடு அசைந்தது. "நம்பர் முட்டை." அடிப்பாவி, அப்போதுதானா உனக்கு ஞாபகம் வர வேண்டும்! சுண்டு விரல் அழகாக ஏறியது.

கேள்விக்குறி. அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது மெஷின்.

மெஹர் மறுபடி அடித்தாள், இன்னும் நிதானமாக, இன்னும் சரியாக. இல்லை. "இன்னா கீது?" போட்டாள். பட்டியலில் பின் பத்து இருந்தது.

"தோ கீது சார்! தோ கீது பாருங்கோ!" என்று காகிதத்தில் விரலை வைத்தாள். மறுபடி முட்டையோடு அடித்தாள். இல்லை.

"பழசை அழிச்சாச்சு. புதுசும் வரலை. ஸ்டோர்ஸ் கணக்கு எங்கேம்மா?" என்றார் ஆபீசர். குரலை உயர்த்தவே இல்லை.

"நா ஒண்ணியும் பண்லயே சார். கண்ணுக்கு முன்னாடி கீதே..." பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். கணக்கை அழித்தவள் என்று பெயர் வந்தால், வேலை மட்டுமா போகும்? போலீஸ்வரைக்கும் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் எழுந்துவிட்டேன். "சார், ஃபைல் எங்கயும் போகல. இருக்கு" என்றேன். மேனேஜர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும். மெஹரின் தோளுக்கு மேலே குனிந்து, பெயரின் கடைசியில் எழுத்து ஓ போட்டு, ரிட்டர்னைத் தட்டினேன். கடகடவென்று ஸ்டோர்ஸ் கணக்கு வந்து விழுந்தது, ஒரு வரி குறையாமல்.

மெஹர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவங்க மேல தப்பே இல்ல சார். பழைய மெஷின்ல பூஜ்யம் கெடையாது, நாங்க ஓ தான் அடிப்போம். அந்தக் கை. ரெண்டாவது தடவை அவங்க சரியாத்தான் அடிச்சாங்க. சரியா அடிச்சதாலதான் சார் வரலை" என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டால் அவளுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரித்தார். "உன் பேர் என்னம்மா?"

சொன்னேன்.

"வேகம் யாருக்கு வேணும்? தப்பு எங்கே இருக்குன்னு பார்க்கத் தெரியணும்" என்று மேனேஜரிடம் சொன்னார். "இவங்க போதும்."

"சார், எனக்கு இன்னும் பரீட்சையே வைக்கலை" என்றேன்.

"வெச்சாச்சும்மா."

வாசுதேவன் சார், "அவங்களுக்கு இன்னொரு சான்ஸ்..." என்று ஆரம்பித்தார். ஆபீசர் அதற்குள் வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

மெசின் ஓட்ச்சா?

அன்று மாலையே அவளுக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் நான்தான் அழுதேன். மெஹர் அழவில்லை.

"நீ பேசாம இருந்திருந்தா கணக்கை அயிச்சவன்னு பேரு. நீ பேசினதால அயிக்காதவன்னு பேரு. வேலை ரெண்டுலயும் இல்ல. உடு" என்றாள். பிறகு ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கசப்புக் காற்று முகத்தில் அடித்தது. மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினால், வழக்கமான சீட்டில் மெஹர். பக்கத்தில் எனக்காகப் பை. மடியில் சாப்பாட்டுத் தூக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வூட்ல சொல்லல" என்றாள்.

தினமும் வந்தாள். எண்ணூர் ரயில்வே ஸ்டேஷனில் பெண்கள் உட்காரும் அறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். மதியம் அங்கேயே சாப்பிடுவாள். சாயங்காலம் நான் வருகிற பஸ்ஸில் ஏறிக்கொள்வாள். அங்கே இங்கே வேலை கேட்டுப் பார்த்தாள். எல்லா ஆபீசிலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்துக் கொடுத்த பணத்தைச் சம்பளம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். காதர் பாய், "ஆபீஸ்ல எப்பிடி?" என்று கேட்டால், மெஷினைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வாளாம். அவர் சிரிப்பாராம்.

அந்தக் கதைக்காகத்தானோ என்னவோ, பஸ்ஸில் ஏறியதும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கி மெசின் ஓட்ச்சா?"

"ஓடுச்சு" என்பேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் கரண்ட் போய் வந்ததில் மெஷின் படுத்துவிட்டது. வாசுதேவன் சார் முன்பக்கத்து ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டிப் பார்த்தார், துளையிட்ட காகித நாடாவை மாற்றி மாற்றிப் போட்டார். அந்தப் புள்ளி வரவே இல்லை.

சாயங்காலம் மெஹர் நனைந்துகொண்டே ஏறினாள். "இன்னிக்கி ஓட்ச்சா?"

"இல்ல. காலைலேருந்து ஓடல."

சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன வெளிச்சத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

"அப்ப பயையபடி டைப்புக்கு ஆளு வேணுமே. கூப்புடுவாங்களாடி என்னெ?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கு ஆலை கேட்டில் போய் நிற்பாள். நாளை மறுநாளும் நிற்பாள்.

"இல்ல மெஹரு. பம்பாய்லேருந்து ஆள் வராங்க. சரி பண்ணிடுவாங்க. சரி பண்ண முடியலைன்னா புதுசு வாங்குவாங்க. உன்னைக் கூப்புட மாட்டாங்க."

கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். ராயபுரத்தில் நான் இறங்கவில்லை. வண்ணாரப்பேட்டை வந்ததும், "வரேன் ஸ்டெல்லா" என்று சொல்லி இறங்கினாள். மழையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் அவள் பஸ்ஸில் இல்லை. நான் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கூட்டம் நெருக்கியது. கண்டக்டர் வந்து, "யாருக்குக்கா எடம்?" என்றான்.

"ஆள் வருது" என்றேன்.

திருவொற்றியூர் வரைக்கும் யாரையும் உட்கார விடவில்லை.